விஞ்ஞானக் கல்வியும் இரண்டே தொழில்களும்

க.பொ.த. உயர்தர வகுப்பிற் கணிதத்தைத் தெரிந்தவன் பொறியியலாளனாதல் வேண்டும், உயிரியலைத் தெரிந்தவள் மருத்துவராதல் வேண்டும், ஏனையோர் தவறிப்போனவர். நம் சமூகம் எழுதாமலே நிறைவேற்றி வைத்திருக்கும் சட்டம் இது. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று முறை தோற்றலாம் என்னும் விதி, இச்சட்டத்தின் கையில் மூன்றாண்டுத் தண்டனையாகிவிட்டது. மூன்றாம் முறையும் வெட்டுப்புள்ளியை எட்டாத இளைஞனுக்கு, தான் கற்ற பௌதிகவியலைக் கொண்டு வேறென்ன செய்யலாம் என்று அதுவரை எவரும் சொன்னதில்லை.

மாணாக்கருக்கு ஆர்வமில்லை என்று பழிகூறுவோர் உளர். ஆர்வம் எங்கிருந்து வரும்? யாழ்ப்பாணக் குடாநாட்டின் குடிநீர் சுண்ணாம்புக்கற் படையினுள்ளே, அடர்த்தி கூடிய உவர்நீரின் மேல் வில்லைபோல மிதந்து நிற்கிறது. மிகையாக இறைத்தால் உவர் மேலேறும். தோட்டத்துக்கு இட்ட உரத்தின் நைத்திரேற்றோ நிலத்தினுள் இறங்கிக் கிணற்றிற் கலக்கும். அடர்த்தி பௌதிகவியற் பாடம். நைத்திரேற்று இரசாயனவியற் பாடம். இரண்டையும் மனனஞ்செய்த மாணவன், அவை தன் வீட்டுக் கிணற்றடியிற் சந்திப்பதை அறியான். நீரைப் பகுப்பாய்வோரும் புவிச்சரிதவியலாளரும் ஊதியம் பெற்றுச் செய்யும் தொழில் அது என்பதையும் அறியான். ரியூட்டரிகளிற் கடந்தகால வினாத்தாளுக்கு விடை கிடைக்கும், இது கிடையாது.

மலையகத்தின் நிலை இன்னும் கொடிது. 2014 ஒக்டோபரிற் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டக் குடியிருப்புகளை மண் மூடியது. சரிவையும் மழையளவையும் அளந்து எச்சரிப்பது விஞ்ஞானம் கற்றோரின் பணி. அப்பணிக்கு லயங்களிலிருந்து எவர் போவார் எனக் கேட்குமுன், தோட்டப்புறப் பாடசாலைகளில் எத்தனையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உண்டெனக் கேட்கவேண்டியுள்ளது.

தொழில் வழிகாட்டல் என்ற பெயரில் நடப்பதுதான் என்ன? ஆண்டுக்கொரு கூட்டம், மாலை மரியாதையுடன் ஒரு மருத்துவர், ஒரு பொறியியலாளர், விழித்திருந்து படித்த இரவுகளைப் பற்றி ஓர் உரை. அதுவும் பெரும்பாலும் மாணவர் தம் பிரிவைத் தெரிந்த பின்னர்! நில அளவையாளரையோ, வளிமண்டலவியல் திணைக்களத்து அலுவலரையோ, ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்திற் குருதியைப் பரிசோதிப்பவரையோ மேடையேற்றிய பாடசாலைகள் எத்தனை? சாதாரணதர வகுப்பில் திரிகோண கணிதம் தொடங்கும் வாரத்திலேயே நில அளவையாளர் ஒருவர் தம் கருவியுடன் விளையாட்டுத் திடலில் வந்து நிற்கட்டும். அதற்குப் பெருஞ்செலவில்லை, அதிபரின் கடிதம் ஒன்று போதும்.

மற்றத் தொழில்களில் வேலை எங்கே என்பர். வேலையின்மை மெய்யே. ஆயினும் இருக்கின்ற வேலையின் பெயரையே அறியாதவன் அதற்கு விண்ணப்பிப்பது எங்ஙனம்?

பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தாரும் இக்குற்றத்துக்குப் புறம்பானவரல்லர். விடுமுறையில் ஊர்ப் பாடசாலைக்குச் சென்று கருத்தரங்கு நடத்துகின்றனர். அதுவும் இன்னுமொரு வினாத்தாள் வகுப்பே. அடுத்த முறையாவது ஒருமணிநேரம் வினாத்தாளை மூடிவைத்து, தம் துறையிற் பட்டம் பெற்றவர்கள் இன்று எங்கே, என்ன வேலை செய்கின்றனர் என்று சொல்லட்டும்.