கள்ளுக்கும் ஒரு மேசை போடுங்கோ

போன மார்கழியில் பாரிஸில் இருந்து பெரியம்மாவின் மகன் வந்திருந்தார். திரும்பிப் போறதுக்கு முதல்நாள் கொழும்பில் என்னை ஒரு சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நாலு வைன், நாலு சின்னச் சாப்பாடு. ஒவ்வொரு வைனையும் ஒவ்வொரு சாப்பாட்டோடு சேர்த்துச் சுவைத்துப் பார்க்க வேணும். எனக்கு இருபத்திரண்டு வயது. அதுவரைக்கும் வைன் எண்டால் தேவாலயத்தில் பாதர் குடிக்கிறது, அல்லது படத்தில் பணக்கார வில்லன் கையில் வைச்சிருக்கிறது, அவ்வளவுதான்.

ஊற்றித் தந்தவர் ஒரு சிங்களப் பெடியன், என்னைவிட ரெண்டு மூண்டு வயது கூட இருக்கும். "உடன குடிக்காதீங்க, முதல்ல நிறத்தைப் பாருங்க, பிறகு மணந்து பாருங்க, பிறகு ஒரு மிடறு. விழுங்க முதல் வாய்க்குள்ள கொஞ்ச நேரம் வைச்சிருங்க" எண்டு சொன்னான். அந்த முந்திரிகை எந்த நாட்டில், எந்தப் பள்ளத்தாக்கில், எந்த வருசம் விளைந்தது எண்டு ஒரு கதை சொன்னான். முதல் மிடறு எனக்குப் புளிப்பாகத்தான் இருந்தது. பிறகு பொரித்த இறாலில் ஒண்டைச் சாப்பிட்டு, திரும்ப ஒரு மிடறு குடிச்சேன். அதே வைன், ஆனால் வேற சுவை. புளிப்பு எண்ணெய்ப் பிடிப்பை வெட்டிக்கொண்டு போக, இறாலின் இனிப்பு மட்டும் நாக்கில் நிண்டது. சிவப்பு வைன் வரேக்க அவன் மீனை எடுத்துவிட்டு இறைச்சியை வைத்தான். முந்திரிகைத் தோலில் இருந்து வாற டனின் எண்ட துவர்ப்பு இறைச்சிக் கொழுப்போடு சேர்ந்தால் மெதுவாகுமாம், மீனோடு சேர்ந்தால் வாயில் இரும்பைக் கடிச்ச மாதிரி இருக்குமாம். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த விளையாட்டு நல்லாப் பிடிச்சது.

கடைசி வைனுக்கு அவன் ஒரு கேள்வி கேட்டான். "உங்கட ஊரில இப்பிடிச் சுவையுள்ள ஏதாவது இருக்கா?"

இருந்தது. லேசான நுரை, கொஞ்சம் இனிப்பு, அடியில் ஒரு புளிப்பு, கிளாஸைக் கிட்டக் கொண்டுபோகேக்கயே மூக்கில் ஏறுகிற ஒரு மணம். காலமை இறக்கின பனங்கள்ளு. சொல் வாய்வரைக்கும் வந்தது. நான் அண்ணாவைப் பார்த்தேன், அண்ணா மேசையைப் பார்த்தார். "இல்லை" எண்டு சொன்னேன்.

அந்த "இல்லை"தான் இதை எழுத வைத்தது. ஏனெண்டால் என்ரை அப்பப்பா ஒரு சீவல் தொழிலாளி.

புதுக்குடியிருப்புப் பக்கம் நாற்பது வருசத்துக்கு மேல் பனை ஏறினவர். காலமையும் பின்னேரமும், ஒரு நாளைக்கு ரெண்டு தரம். காலில் தளநார், இடுப்பில் பாளைக்கத்தி. கொழும்பில் அந்தப் பெடியன் சொன்ன எல்லாத்தையும் அப்பப்பா எனக்குச் சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறார். எந்தப் பனையின் கள்ளு இனிக்கும், எது சப்பெண்டு இருக்கும், மழை பெய்த அடுத்தநாள் என்ன மாறும், முட்டியைச் சரியாகக் கழுவாட்டி என்ன மணம் வரும் எண்டு எல்லாம். பிளாவில் ஊற்றி, மணந்து, ஒரு மிடறு வாய்க்குள் வைச்சு, "உது வடக்கு மூலை மரம்" எண்டு சொல்லுவார். அதை நாங்கள் அறிவு எண்டு நினைச்சதே இல்லை. பள்ளிக்கூடத்தில் பேரனாரின் தொழில் கேட்டால் "கமம்" எண்டு எழுதச் சொல்லித்தான் வீட்டில் பழக்கினவை.

கள்ளு என்ன சாமான் எண்டு சுருக்கமாகச் சொல்லுறன், தவறணைக்கு வெளியில் இதைப் பற்றி ஆரும் கதைக்கிறதில்லை. பாளையைச் சீவ வடிகிற சாறு சீனித் தண்ணி மாதிரித்தான் இருக்கும். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசிவிட்டால் அது புளிக்காது, அதுதான் கருப்பணி. அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. சுண்ணாம்பு பூசாவிட்டால், விஞ்ஞானப் பாடத்தில் படித்த மதுவம் காற்றில் இருந்தும் முட்டியில் இருந்தும் சேர்ந்து மரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். முந்திரிகைச் சாற்றை வைனாக்குவதும் இதே மதுவம்தான். கள்ளில் மதுசாரம் 4 தொடக்கம் 6 வீதமளவில் இருக்கும், வைனில் 12, 13 வீதம், சாராயத்தில் 33 வீதத்துக்கு மேல். வைனுக்கு வருசக்கணக்கு, கள்ளுக்கு மணிக்கணக்கு. காலமை இனிக்கும், மத்தியானம் புளிக்கும், விட்டு வைத்தால் வினாகிரி. போத்தலில் அடைக்கிற கள்ளு சூடாக்கி அடைக்கிறது. அது கெடாது, ஆனால் அது வேற சுவை.

இந்தச் சித்திரை விடுமுறைக்கு எங்கட பீடத்து நண்பர்கள் நாலுபேர் வீட்டுக்கு வந்தவை. எல்லாரும் இருபத்தொண்டு தாண்டினவை. கொழும்பில் பார்த்ததை நான் முற்றத்தில் செய்து பார்த்தேன். அப்பப்பா இப்ப ஏறுகிறதில்லை. பக்கத்துக் காணியில் ஏறுகிற மாமாவிடம் மூண்டு சாமான் வாங்கித் தந்தார்: கருப்பணி, அண்டைக்குக் காலமை இறக்கின கள்ளு, முதல்நாள் கள்ளு. பிளாவும் அவரே கோலித் தந்தார். ஆளுக்கு ஒவ்வொண்டிலும் ரெண்டு மூண்டு மிடறுதான். குடிக்கவே மாட்டன் எண்ட ஒரு தோழி கருப்பணியோட நிண்டுகொண்டாள்.

கருப்பணிக்கு ஒடியல் பிட்டு நல்லாச் சேர்ந்தது. பிட்டின் லேசான கசப்பை அந்த இனிப்பு தூக்கிக் காட்டியது. காலமைக் கள்ளோடு நந்திக்கடல் இறாலை உறைப்பாகப் பொரிச்சு வைச்சம். கொழும்பு வைனைவிட நல்லாயிருந்தது எண்டு நான் சொன்னால் நீங்கள் பக்கச்சார்பு எண்டு சொல்லுவியள், ஆனால் நண்பர்கள் நாலுபேரும் சாட்சி. கள்ளின் இனிப்பும் நுரையும் உறைப்பை அணைச்சுவிடும், அடுத்த இறாலுக்கு நாக்கு தயாராகிவிடும். முதல்நாள் கள்ளு தனியக் குடிக்கேக்க முகம் சுளிக்க வைத்தது. அவிச்ச மரவள்ளிக்கிழங்கையும் கட்டைச் சம்பலையும் வைத்தபிறகு அந்தப் புளிப்புக்கு ஒரு வேலை கிடைத்தது. பொரிச்ச கருவாடு மட்டும் எங்களுக்குச் சரிவரேல்லை, ரெண்டுமே ஒண்டை ஒண்டு கத்திக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

இப்ப நீங்கள் கேட்கப்போறது எனக்குத் தெரியும். "வன்னியில குடியால எத்தினை குடும்பம் அழிஞ்சுபோய்க் கிடக்கு, நீ கள்ளுக்கு மேசை போடச் சொல்லுறாய்?"

நியாயமான கேள்வி. 2009இல் எனக்கு ஏழு வயது. முகாமில் இருந்து திரும்பி வந்தபிறகு எங்கட ஒழுங்கையில் நான் பார்த்த குடியில் சுவை எண்டு ஒண்டு இல்லை. மறக்கிறதுக்காகக் குடிச்சவை, நித்திரைக்காகக் குடிச்சவை, பிறகு அதுக்காகவே குடிச்சவை. சம்பளக் காசு சாராயக் கடையிலும், அது முடியக் கசிப்பிலும் போனது. அடி வாங்கினது பெண்களும் பிள்ளைகளும். சுவைத்துக் குடிக்கப் பழகினால் இது தீரும் எண்டு நான் சொல்லவில்லை. குடியை விடமுடியாமல் கிடக்கிறவருக்குத் தேவை வைத்தியம், பிளா இல்லை. அப்பிடியான வீட்டுக்கு முன்னால் இந்தக் கட்டுரையை வாசிக்கவும் எனக்கு வாய் வராது. கள்ளிலும் மதுசாரம் இருக்கு, குடிக்காமல் இருக்கிறது எப்பவும் நல்ல முடிவு.

ஆனால் ஒரு விசயத்தைப் பாருங்கோ. எங்கட சமூகம் மதுவை வெறுக்கிறதால்தான் கள்ளை ஒதுக்கினது எண்டால் நான் பேசாமல் இருந்திருப்பேன். அது உண்மையில்லை. யாழ்ப்பாணத்தில் தோலகட்டி ஆச்சிரமம் இருக்கு. 1928இல் தோமஸ் அடிகளார் தொடக்கிய ரோசறியன் துறவிகளின் சபை. அவையள் முந்திரிகையில் செய்த வைனும் நெல்லி ரசமும் வடக்கு முழுக்கப் பேர் போனது. பூசைக்கும் போனது, வீடுகளுக்கும் போனது. அதை அலுமாரியில் வைத்திருக்க ஆரும் வெட்கப்பட்டதாக நான் கேள்விப்படவில்லை. வெளிநாட்டில் இருந்து அண்ணா கொண்டுவாற வைன் போத்தல் கண்ணாடி அலுமாரியில் முன்வரிசையில் நிற்கும். அதே வீட்டில் அப்பத்துக்கு மா புளிக்க வைக்கக் கள்ளு வேணும். அதுக்கு மட்டும் பின்வேலியால் போத்தல் வரும். நீங்கள் "குடிக்கவே மாட்டன்" எண்டு சொன்னாலும், அம்மம்மா சுட்ட பாலப்பத்தில் அந்த மணத்தைச் சாப்பிட்டுத்தான் வளர்ந்திருப்பியள்.

அப்ப பிரச்சினை மதுசாரம் இல்லை. எந்தக் கை இறக்கினது எண்டதுதான் பிரச்சினை. துறவியின் கை எண்டால் ரசம், பிரெஞ்சுக்காரன் கை எண்டால் கலாசாரம், பனை ஏறுகிறவரின் கை எண்டால் இழிவு. இதுக்குச் சாதி எண்டு பேர். 1970களின் தொடக்கத்தில் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்து, கள்ளுக்கு ஒரு விலையும் தொழிலாளிக்கு ஒரு சேமிப்பும் எண்ட நிலை உருவானது. 1978இல் பனை அபிவிருத்திச் சபையும் வந்தது. தொழில் கொஞ்சம் நிமிர்ந்தது. பேர் நிமிரவில்லை. யுத்தத்தில் அப்பப்பா சீவின பனைகளில் பாதி பங்கருக்குக் குற்றியாகப் போனது, மிச்சத்தில் பல செல் பட்டுத் தலையில்லாமல் நிண்டது. அந்த இழப்பைப் பற்றி உருகி உருகிக் கவிதை எழுதுகிறோம். அந்த மரத்தில் ஏறினவரைப் பற்றி ஒரு வரி இல்லை.

பெண்ணுக்கு ஏன் இந்தக் கதை எண்டு கேட்கிறவைக்கும் ஒரு சொல். இலங்கையில் பெண்களுக்கு மது விற்கக்கூடாது எண்டு 1979இல் ஒரு விதி வந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை எடுத்தார். சில நாளிலேயே அந்தத் தளர்த்தலைத் திருப்பி எடுக்கும்படி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன சொன்னார். கொழும்பில் காசு கட்டினது அண்ணா எண்டபடியால் எனக்குப் பிரச்சினை வரேல்லை. ஆனால் தமிழ்ப் பாடத்தில் நாங்கள் கும்பிட்டுப் படிக்கிற ஔவையாரைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்கோ. அதியமான் இறந்தபிறகு அவர் பாடின புறநானூற்றுப் பாட்டு அவனோடு கள்ளைப் பகிர்ந்து குடிச்ச நினைவில்தான் தொடங்குகிறது. அதே புறநானூற்றில் யவனர் கொண்டுவந்த தேறலும் வருகிறது. வெளிநாட்டு வைனும் உள்ளூர்க் கள்ளும் எங்கட இலக்கியத்தில் ஒரே மரியாதையோடு இருந்தவை. விரிவுரை மண்டபத்தில் அதை வாசிச்சுப் புள்ளி எடுக்கிறோம், வெளியில் வந்து "கள்ளு" எண்ட சொல்லுக்கு மூக்கைப் பொத்துகிறோம்.

அதனால் நான் கேட்கிறது பெரிசாக ஒண்டுமில்லை. வன்னிக்கு வாற விருந்தாளிக்கு வைனும் பியரும் குடுக்கிற விடுதிகள், கேட்கிறவைக்கு அண்டையக் கள்ளையும் இறாலையும் வைக்கட்டும், எந்தக் காணிப் பனை எண்டு சொல்லட்டும், ஏறினவருக்கு நியாயமான காசு குடுக்கட்டும். தவறணை எண்டால் வேலிக்குப் பின்னால் நிண்டு அவசரமாக ஊற்றிக்கொண்டு ஓடுகிற இடம் எண்ட நிலை மாறி, வாங்கில் இருந்து சாப்பாட்டோடு அளவாகக் குடிச்சுக் கதைக்கிற இடமாகட்டும். கருப்பணி வாங்க வாற பெண்ணும் அங்க வெட்கமில்லாமல் நிற்கட்டும். ஒண்டையும் வாயில் வைக்காதவையும், பனை ஏறுகிறது பிடிமானம், பருவம், மணம், நேரம் எல்லாம் தெரிய வேண்டிய ஒரு தொழில் எண்டு ஏற்றுக்கொள்ளட்டும். உயரத்தில் இருந்து விழுந்து முதுகு முறிஞ்சவையும் அந்தத் தொழிலில்தான் இருக்கினம், அவையளைத் தவிர்த்துவிட்டுக் கள்ளைக் கொண்டாடினால் அது இன்னொரு திருட்டு.

அண்ணா போகேக்க மிச்சமிருந்த வைன் போத்தலை என்னிடம் தந்துவிட்டுப் போனவர். ஊருக்குக் கொண்டுவந்து அப்பப்பாவுக்குக் கொஞ்சம் ஊற்றிக் குடுத்தேன். மணந்தார், ஒரு மிடறு வைத்திருந்தார், விழுங்கினார்.

"புளிச்சுப் போச்சு. ஆனா பழுதில்லை, நல்லாத்தான் புளிக்க வைச்சிருக்கிறாங்கள். எந்த இடத்துப் பழம்?"

போத்தலில் இருந்ததை வாசிச்சேன். நாடு, ஊர், வருசம், தோட்டத்தின் பேர் எல்லாம் இருந்தது.

"சரி, ஆர் புடுங்கினது?"

அது போத்தலில் இல்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு மிச்சத்தையும் மெதுவாகக் குடிச்சார். அடுத்த முறை ஆராவது உங்கட ஊரில் இப்பிடிச் சுவை இருக்கா எண்டு என்னைக் கேட்டால், இருக்கு எண்டு சொல்லுவேன். இறக்கினவரின் பேரையும் சேர்த்துச் சொல்லுவேன்.