வலிமை வழிபாடும் கியர்ப்பெட்டியும்

பழைய காரொன்றின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, அதனினும் ஆற்றல் மிக்க வேறோர் எஞ்சினைப் பொருத்தி, மூடிய பந்தயத் தடங்களில் ஓட்டும் வழக்கம் அமெரிக்கா, பிரித்தானியா, யப்பான் ஆகிய நாடுகளில் ஒரு தனிப் பண்பாடாகவே வளர்ந்துள்ளது. இவர்களுட் பரிசுக்காகப் போட்டியிடுவோர் சிலரே. பெரும்பாலோர் கட்டணம் செலுத்தி, விடுமுறை நாளில் தம் காரைத் தடத்தில் இறக்கும் சாதாரண ஊதியக்காரர். கையாற் கியர் மாற்றும் பெட்டியையே இவர்களுட் பலர் விரும்புகின்றனர். ஆனால் எந்தப் பெட்டி என்ற வினா எழும்போது முந்திக்கொண்டு வரும் விடை ஒன்றுண்டு: கிடைப்பவற்றுள் மிக வலிமையானது எதுவோ அது. இவ்விடை பிழையானது. அதன் விலையைப் பணத்தாலும் சில வேளை உடலாலும் செலுத்துவோர் அவ்வோட்டுநரே.

வலிமை வேண்டியதில்லை என்று எவரும் வாதிடார். 1989-இல் வெளிவந்த மாஸ்டா எம்.எக்ஸ்.-5 காரின் 1.6 லீற்றர் எஞ்சின் ஏறத்தாழ 136 நியூற்றன் மீற்றர் முறுக்குவிசையைத் தந்தது. அக்காரில் இன்று பலர் பொருத்துவது, 1997-இல் கோர்வெட் காரோடு அறிமுகமான 5.7 லீற்றர் எல்.எஸ்.1 எஞ்சினையும் அதன் வழிவந்தவற்றையும் ஆகும். எல்.எஸ்.1 எஞ்சினின் முறுக்குவிசை 475 நியூற்றன் மீற்றர். அதாவது மூன்றரை மடங்கு. பழைய பெட்டியின் பற்சக்கரங்கள் இவ்விசையை நெடுநாள் தாங்கமாட்டா. எனவே வலிமை இன்றியமையாத நிபந்தனையே. ஆயின் நிபந்தனை வேறு, அளவுகோல் வேறு. பரீட்சைக்குத் தோற்றும் தகுதியைப் பரீட்சையிற் சித்தியாகக் கொள்வாருண்டோ? விசையைத் தாங்கும் பெட்டிகள் எவை என்று வரையறுத்த பின்னரே தேர்வு தொடங்குகிறது. வலிமை வழிபாட்டினரோ அவ்விடத்திலேயே தேர்வை முடித்துவிடுகின்றனர்.

கியர்ப்பெட்டியின் பணி யாது? எஞ்சின் எல்லா வேகத்திலும் ஒரே அளவில் உழைப்பதில்லை. நிமிடத்துக்குக் குறித்த சில ஆயிரம் சுழற்சிகளுக்கிடையிலேயே அதன் முழு ஆற்றல் வெளிப்படும். அந்த எல்லைக்குள் அதனை நிறுத்தி வைப்பதே பெட்டியின் கடமை. எல்.எஸ்.1 பொருத்திய கமாரோ காரில் வந்த ரி-56 என்னும் ஆறு கியர்ப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் விகிதங்கள் 2.66, 1.78, 1.30, 1.00, 0.74, 0.50 என்பன. பின்னச்சின் இறுதி விகிதம் 3.42 எனவும் சக்கரத்தின் சுற்றளவு 2 மீற்றர் எனவும் கொண்டால், 6000 சுழற்சியில் இரண்டாம் கியர் மணிக்கு 118 கிலோமீற்றரையும், மூன்றாவது 162-ஐயும், நான்காவது 210-ஐயும், ஐந்தாவது 284-ஐயும் தரும். யப்பானின் சுக்குபா தடம் ஏறத்தாழ 2 கிலோமீற்றர் நீளமுடையது. பிரித்தானியாவின் பிராண்ட்ஸ் ஹச் குறுந்தடம் அதனினும் சற்றுக் குறைந்தது. இத்தகைய தடங்களில் நான்காம் கியரைத் தாண்டும் தேவை அரிது. ஆறாம் கியர் நெடுஞ்சாலைக்கானது: மணிக்கு 100 கிலோமீற்றரில் எஞ்சினை ஏறத்தாழ 1400 சுழற்சியில் உறங்கவிட்டு எரிபொருளைச் சேமிப்பதே அதன் நோக்கம். ஆறு கியருக்குப் பணம் கொடுத்தவர் தடத்திற் பயன்படுத்துவது மூன்றையே. மிகுதி அவர் சுமந்து திரியும் இரும்பு.

இறுதி விகிதத்தை மாற்றினால் இக்குறை நீங்கும் என்பர் சிலர். நீங்காது. இறுதி விகிதம் எல்லாக் கியர்களின் வேகத்தையும் ஒருசேரக் கூட்டும் அல்லது குறைக்கும். கியருக்கும் கியருக்கும் இடையிலான படியை அது தொடுவதில்லை. அப்படியோ பெட்டிக்குள் அமைந்தது. இதனை உற்பத்தியாளர் நன்கறிவர். 1986-இல் உற்பத்தி தொடங்கிய பீ.எம்.டபிள்யூ. எம்-3 காரின் ஐரோப்பிய வடிவத்தில் ஐந்தாம் கியர் நேர் விகிதமாகிய 1.00 ஆக அமைந்தது. வட அமெரிக்க வடிவத்திலோ நான்காவது 1.00 ஆகவும் ஐந்தாவது நெடுஞ்சாலைக்குரிய மிகைக் கியராகவும் அமைந்தன. கார் ஒன்று, அது செல்லும் பாதை வேறு, எனவே பெட்டியும் வேறு.

ரி-56 இன் வழித்தோன்றலாகிய மக்னம் பெட்டி இதற்கு இன்னும் தெளிவான சான்று. அது ஒரே வெளியுறையில் இரு விகிதத் தொகுதிகளோடு விற்கப்படுகிறது. ஒன்றில் மூன்றாம் கியர் 1.30, மற்றதில் 1.46, இரண்டிலும் நான்காவது 1.00. முன்னதில் 6000 சுழற்சியில் மூன்றிலிருந்து நான்குக்கு மாற்றினால் எஞ்சின் 4615-க்கு இறங்கும், பின்னதில் 4110-க்கு. தடத்தின் நேர்ப்பாதையில் ஒவ்வொரு சுற்றிலும் மீளமீள உணரப்படும் வேறுபாடு இது. வலிமையை மட்டும் பார்ப்பவரின் கண்ணுக்கு இவ்விரண்டும் ஒரே பெட்டி!

கியர்களின் தொகை கூடக்கூட நன்று என்பதும் இதன் உடன்பிறந்த மயக்கமே. ஹொண்டா எஸ்-2000 போன்று 8000 சுழற்சிக்கு மேல் உச்ச ஆற்றலை எட்டும் சிறு எஞ்சினுக்கு நெருங்கிய ஆறு கியர்கள் தேவை. பரந்த எல்லையில் முறுக்குவிசை தரும் பெரிய எஞ்சினுக்கு அத்தேவை இல்லை. அமெரிக்காவின் நாஸ்கார் கோப்பைத் தொடரில் 2021 வரை நான்கு கியர்ப் பெட்டிகளே ஓடின. தொழில்முறைப் பந்தயத்துக்குப் போதிய நான்கு, விடுமுறை ஓட்டுநருக்கு எங்ஙனம் போதாதாயிற்று?

இனி, விற்பனைப் பட்டியல் கூறாத செய்திகள் உள. சாலைக் கார்களின் கியர்ப்பெட்டிகள் பலவற்றில் பற்சக்கரங்கள் தெறிக்கும் எண்ணெயே உறுப்புகளை நனைக்கிறது. தடத்தில் இருபது நிமிடம் ஓய்வின்றி ஓடுகையில் அவ்வெண்ணெய் கொதித்து மெலியும். எண்ணெயைக் குளிர்விக்க வழி உண்டா என்பது பெட்டியின் வலிமையினும் முந்திய வினா. பெட்டி எஞ்சினோடு இணையும் மணியுறையின் மையம், எஞ்சினின் சுழல் மையத்திலிருந்து ஒரு மில்லிமீற்றரின் எட்டிலொரு பங்குக்கு மேல் விலகலாகாது என்பது வழக்கமான வரம்பு. விலகினால் எவ்வளவு வலிய பெட்டியும் தன் தாங்கிகளைத் தானே தின்னும். கியர்க்கோல் ஓட்டுநரின் கைக்கு நேரே வெளிப்படுகிறதா, எஞ்சினின் றப்பர்த் தாங்கிகள் வளைவிற் சாய்ந்து கோலின் வழியைப் பிறழச் செய்கின்றனவா என்பனவும் அத்தகையனவே. மூன்றாம் கியரில் 6000 சுழற்சியில் இருப்பவர் நான்கை நாடி இரண்டில் வீழ்ந்தால், கிளச்சை விட்ட கணமே எஞ்சின் 8200-க்கு இழுக்கப்படும். வால்வுகள் பிஸ்டனோடு மோதலாம். பின்சக்கரங்கள் பூட்டிக் கார் சுழலலாம். அவ்வேளையில் பெட்டி உடையாது நிற்பது யாருக்கு ஆறுதல்?

கைக் கியரே வழக்கொழிந்தது, சுக்கானுக்குப் பின்னுள்ள நெம்புகோல்களே விரைவானவை என்ற எதிர்வாதமும் உண்டு. விரைவைப் பொறுத்தவரை அது உண்மை. 1989-இல் அத்தகைய பெட்டியோடு வந்த பெராரி, தன் முதற் போட்டியிலேயே பிரேசிலில் நைஜல் மான்செலின் கையில் வென்றது. ஆயின் போர்ஷே நிறுவனம் 2013-இல் தன் ஜீ.ரீ.3 காரிலிருந்து கைக் கியரை நீக்கிய பின், 2016-இல் 911 ஆர் என்னும் காரிலும், 2017-இல் ஜீ.ரீ.3 காரிலும் அதனை மீண்டும் வழங்க நேர்ந்தது. நொடியின் பின்னத்துக்குச் சம்பளம் பெறாதவர் தடத்துக்கு வருவது தம் கையையும் காலையும் பழக்கவே என்பதற்கு இதுவே சான்று. மேலும், தானியங்கு பெட்டியை அந்நிய எஞ்சினோடு பேசவைக்க மின்னணுக் கட்டுப்பாடு வேண்டும். கைப்பெட்டிக்குக் கிளச்சும் கோலும் போதும். இங்கு கைக் கியர் ஏக்கத்தின் சின்னமன்று. நியாயமான பொறியியல் முடிவு.

முழுமையிலிருந்து ஓர் உறுப்பைப் பிரித்தெடுத்து, அதற்கு ஓர் எண்ணைச் சூட்டி, அவ்வெண்ணை வணங்கச் செய்வது சந்தையின் பழைய தந்திரம். எண் விற்பதற்கு எளிது. பொருத்தம் விற்பதற்கு அரிது. அதனாலேயே வினாக்களின் வரிசை தலைகீழாக்கப்பட வேண்டும். முதலில் தடம், அதன் வளைவுகளின் வேகம். பின் எஞ்சினின் பயனுள்ள எல்லை. பின் அவ்விரண்டையும் இணைக்கும் விகிதங்கள். பின் எண்ணெயும் கோலும் உதிரிப்பாகமும். இவையனைத்துக்கும் ஈடுகொடுக்கும் அளவுக்கு வலிமை. இவ்வரிசையிற் சிந்திப்பவர் சில வேளை மலிவான, சிறிய, ஐந்து கியர்ப் பெட்டியோடு வீடு திரும்புவர். நண்பர்கள் நகைக்கலாம். வளைவிலிருந்து வெளியேறும்போது நகைப்பவர் யார் என்பதைத் தடம் தீர்மானிக்கும்.