கண்ணுக்குள் ஒரு மச்சம்



முகத்திலும் கையிலும் உள்ள மச்சத்திற்குப் பலன் சொல்வோர் நம்மிடையே பலர் உண்டு. ஆனால் கண்ணுக்குள்ளும் மச்சம் தோன்றும் என்பதை அறிந்தோர் சிலரே. விழித்திரைக்கு அடியில் இரத்தக் குழாய்கள் நிறைந்த மென்படலம் ஒன்று உள்ளது. அங்குத் தோன்றும் மச்சத்தை, மருத்துவர் சொட்டு மருந்திட்டுச் சோதிக்கும்போதே காண இயலும். இது பெரும்பாலும் தீங்கற்றது. புற்றாக மாறுவது மிக அரிது. ஆதலின் அதனை அகற்ற வேண்டுவதில்லை. மருத்துவர் குறிக்கும் காலத்தில் தவறாது பரிசோதித்து வந்தால் போதும்.

எனினும், நாள்பட்ட மச்சத்தின்மேல் சிலருக்குப் புதிய இரத்தக் குழாய்கள் முளைப்பதுண்டு. அவை வலுவற்றவை, நீரும் குருதியும் கசியும். கசிவு பார்வையின் நடுப்பகுதியை எட்டினால், நேரான ஜன்னல் கம்பி வளைந்து தோன்றும். எதிரே நிற்பவரின் முகம் மங்கும். வலி இராது. மற்றக் கண் நன்றாயிருப்பதால் குறையும் தெரியாது. ஆபத்து இங்கேதான் உள்ளது. தழும்பு விழுந்தபின் இழந்த பார்வை திரும்புவது கடினம்.

முன்னாளில் இக்குழாய்களை லேசர் ஒளியால் சுட்டனர். அது விழித்திரையையும் சுட்டு, நிலையான கரும்புள்ளியை விட்டுச் செல்லும். பின்னர், கையில் மருந்தேற்றிக் கண்ணில் மென்மையான ஒளி பாய்ச்சும் முறை வந்தது. புதிய இரத்தக் குழாய்களைத் தடுத்தால் கட்டிகள் வளரா என 1971இல் அமெரிக்க மருத்துவர் ஜூடா ஃபோக்மன் கூறியிருந்தார். அக்கருத்தின் வழிவந்த பெவாசிசுமாப் என்னும் மருந்து, 2004இல் குடற்புற்றுக்கு ஒப்புதல் பெற்றது. மறு ஆண்டே கண் மருத்துவர்கள் அதனைக் கண்ணுக்குள் ஊசிவழிச் செலுத்தலாயினர். ஒரு குப்பியைப் பலருக்குப் பகிரலாமாதலின் செலவும் குறைந்தது. மச்சம் அப்படியே இருக்கும். கசியும் குழாய்களே சுருங்கும். ஓர் ஊசியோடு முடியாமல் மாத இடைவெளியில் சில ஊசிகள் தேவைப்படலாம். ஊசிக்குப்பின் கண் சிவந்து வலித்தால், அன்றே மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும்.

நெய்யூர் மக்களுக்கு மருத்துவமனை புதிதன்று. 1838இலேயே லண்டன் மிஷன் மருத்துவப் பணி இங்குத் தொடங்கிற்று. திருநெல்வேலியில் 1988 முதல் அரவிந்த் கண் மருத்துவமனையும் உள்ளது. ஆயினும், வலி வந்தால்தான் ஆஸ்பத்திரி என்னும் வழக்கம் மட்டும் நம்மை விட்டு நீங்கவில்லை.

இன்றிரவு உணவுக்குப்பின், வீட்டிலுள்ள பெரியோரும் சிறியோரும் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மறு கண்ணால் ஜன்னல் கம்பியைப் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றிப் பாருங்கள். கம்பி வளைந்து தெரிந்தால் நாளை நாளை என்று தள்ளாமல் புறப்படுங்கள்.