முதலில் குதிரை பார்க்கட்டும்

முதன்முறையாகச் சந்தைக்கு வருகிற குதிரையின் மேல் யாரும் ஏற வேண்டாம். அதற்கு விலை பேச வேண்டாம். தப்பட்டைக்கு முன்னால் நிறுத்தி ஆடவைக்கவும் வேண்டாம். ஓர் ஓரமாக நின்று, புல் தின்று, நாலு பக்கமும் பார்த்துவிட்டு அது வீடு போய்ச் சேரட்டும். இதைச் சொன்னால் குதிரை வளர்க்கிறவர்கள் பலர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். வண்டிக்கு வாடகை கொடுத்து, ஆள் கூட்டிக்கொண்டு, அத்தனை தூரம் போய்ச் சும்மா நின்றுவிட்டு வருவதா? ஆமாம், அப்படித்தான்.

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் தேர்த் திருவிழாவை ஒட்டிக் கூடும் சந்தையை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். மார்வாரி, கத்தியவாரி, வெள்ளை நொக்ரா என்று வடக்கத்திக் குதிரைகள் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். இந்தப் பக்கம் மேளம், அந்தப் பக்கம் ஒலிபெருக்கி, நடுவில் பலூன்காரர், தோளில் குழந்தையோடு அப்பாக்கள். நமக்கு அது திருவிழா. தோட்டத்துக் கொட்டகையையும் இரண்டு மனித முகங்களையும் தவிர வேறெதையும் அறியாத மூன்று வயதுக் குதிரைக்கு அது என்ன?

குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் அமைந்தவை. கிட்டத்தட்ட 350 பாகை அளவுக்கு அது சுற்றிலும் பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சமும், வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சமும்தான் தெரியாது. ஆகவே ராட்டினம், காற்றில் பறக்கும் பை, குடை விரிக்கும் பாட்டி எல்லாமே ஒரே நேரத்தில் அதன் கண்ணில் விழுகின்றன. காதுகள் இரண்டும் தனித்தனியே திரும்பும். ஒரு காது மேளத்தின் பக்கமும் இன்னொரு காது தன்னைப் பிடித்திருப்பவர் பக்கமும் இருந்தால் நல்லது, அது இன்னும் நம்மோடு இருக்கிறது. இரண்டும் ஒரே பக்கம் விறைத்து, கழுத்து உயர்ந்து, கண்ணின் வெள்ளை தெரிந்தால் அடுத்தது ஓட்டம்தான். புல்வெளியில் வேட்டை விலங்குகளிடமிருந்து ஓடித் தப்பியே பிழைத்த இனம் அது. நின்று யோசித்தவை மிஞ்சவில்லை.

அமைதியைச் சந்தையன்று உண்டாக்க முடியாது. வீட்டிலிருந்து அதைக் கொண்டுவர வேண்டும். டென்மார்க்கின் ஆராய்ச்சியாளர் யான்ன வின்தர் கிறிஸ்டென்சனும் அவருடைய கூட்டாளிகளும் 2006இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இரண்டு வயது ஆண் குதிரைகள் 27க்கு, அசையும் நைலான் பை ஒன்றைப் பழக்கினார்கள். ஒரு பிரிவுக்கு எடுத்த எடுப்பிலேயே முழுப் பையையும் காட்டினார்கள். இன்னொரு பிரிவுக்குப் பையோடு தீனியின் ஆசையையும் சேர்த்தார்கள். மூன்றாவது பிரிவுக்குச் சிறுகச் சிறுக, பயப்படாத அளவில் தொடங்கிக் கூட்டினார்கள். மூன்றாம் பிரிவுக் குதிரைகளே மிகக் குறைவாக மிரண்டன. எல்லாமே கற்றுக்கொண்டதும் அந்தப் பிரிவில்தான். "ஒரேயடியாக நடுச் சந்தையில் விட்டால் தானாகப் பழகிவிடும்" என்று சொல்பவர்கள் முதல் பிரிவின் வழியைத்தான் சொல்கிறார்கள்.

சிறுகச் சிறுக என்றால் நம் ஊரில் என்ன செய்யலாம்? கைபேசியில் தப்பட்டை ஒலியை மெல்ல வைத்துத் தீனி கொடுக்கலாம். பிறகு நிஜத் தப்பட்டையைத் தெருக்கோடியில் அடிக்கச் சொல்லலாம். குதிரை புல் மெல்வதை நிறுத்தாத தூரமே சரியான தூரம். அக்கம்பக்கத்தாரை அழைத்து அதைத் தொட்டுப் பார்க்கச் சொல்வது இன்னும் முக்கியம். சந்தையில் வாங்க வருகிறவர் வாயைப் பிரித்துப் பல் பார்ப்பார், குளம்பைத் தூக்குவார், சுழி தேடி நெற்றியிலும் மார்பிலும் வயிற்றிலும் கை வைப்பார். சுழி பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் பார்ப்பவர்கள் பார்க்கத்தான் செய்வார்கள், அந்தக் கைக்குக் குதிரை பழகியிருக்க வேண்டும். அந்நியர் கை முதன்முதலில் வாய்க்குள் நுழையும் இடம் சந்தையாக இருக்கக் கூடாது.

துணை வேண்டும். பல சந்தைகளைப் பார்த்த ஒரு கிழக் குதிரை பக்கத்தில் நின்று கண்ணை மூடித் தூங்கினால், அதைவிடப் பெரிய வாத்தியார் இல்லை. பழகிய துணையோடு சேர்த்துப் பயப் பொருளைக் காட்டியபோது புதுக் குதிரைகள் குறைவாக மிரண்டதையும், பிறகு தனியாக நின்றபோதும் அந்த அமைதி தொடர்ந்ததையும் அதே கிறிஸ்டென்சன் 2008இல் பதிவு செய்தார். இதற்கு மறுபக்கமும் உண்டு. துணைக் குதிரையை நடுவில் எங்கேயோ கூட்டிப்போய்விட்டால் சின்னது கனைத்துக் கனைத்தே தொண்டை கட்டிவிடும். இரண்டும் சேர்ந்து வந்தால் சேர்ந்தே திரும்ப வேண்டும்.

அடுத்தது கயிற்றைப் பிடித்திருக்கும் மனிதர். இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. சுவீடனில் லிண்டா கீலிங் தலைமையில் 2009இல் வந்த ஆய்வு ஒன்றில், குதிரையைப் பிடித்துக்கொண்டு ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நான்கு முறை நடக்கச் சொன்னார்கள். சிலரை ஏறி ஓட்டச் சொன்னார்கள். நான்காவது முறைக்கு முன்னால், "இந்தத் தடவை நீங்கள் கடக்கும்போது குடை விரியும்" என்றார்கள். குடை விரியவே இல்லை. ஆனால் மனிதரின் நெஞ்சு படபடத்தது, கூடவே குதிரையின் நெஞ்சும் படபடத்தது. விரியாத குடைக்காக! கயிற்றைச் சுருக்கிப் பிடித்த கை, நின்றுபோன மூச்சு, விறைத்த தோள் எல்லாவற்றையும் குதிரை படித்துவிடுகிறது. சந்தையில் வயதான குதிரைக்காரர் ஒருவர், பதறிக்கொண்டிருந்த பையனிடம் சொன்னது இன்றும் காதில் நிற்கிறது: "கயித்த கொஞ்சம் எளக்கமா விடு சாமி. நீ மூச்சு உடு மொதல்ல." பையன் மூச்சு விட்டான், குதிரை தலையைத் தாழ்த்தியது.

தட்டிக் கொடுப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. கழுத்தில் பட் பட்டென்று அடிப்பதைக் குதிரைகள் ஒன்றுக்கொன்று செய்துகொள்வதில்லை. அவை பிடரி முடியும் இடத்தில், தோளுக்கு மேலே, பல்லால் சொறிந்துவிடும். பிரான்சின் கமார்க் குதிரைகளுக்கு அந்த இடத்தில் மனிதக் கையால் சொறிந்துவிட்டபோது இதயத் துடிப்பு குறைந்ததை 1993இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கும் இதயம் அது.

அவசரம் என்ன செய்யும் என்பதை டோக்கியோ ஒலிம்பிக்கில் உலகமே பார்த்தது. 2021 ஆகஸ்டில், நவீன ஐந்திறப் போட்டியில் முன்னணியில் இருந்த ஜெர்மனியின் அனிகா ஷ்லோய்க்குக் குலுக்கலில் கிடைத்த குதிரை செயின்ட் பாய். அந்தப் போட்டியில் வீரர்களுக்குத் தெரியாத குதிரையோடு பழகக் கிடைத்தது வெறும் 20 நிமிடம். அதற்கு முன்பே இன்னொரு வீராங்கனையோடு தாண்ட மறுத்து மிரண்டிருந்த குதிரை அது. ஷ்லோய் அழுதார், குதிரை இன்னும் மிரண்டது. பயிற்சியாளர் குதிரையைக் கையால் குத்தினார், போட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டார். பாரிஸ் 2024க்குப் பிறகு ஐந்திறப் போட்டியில் குதிரையேற்றமே இல்லை. அழுத வீராங்கனையின் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருபது நிமிடம் போதும் என்று விதி எழுதியவர்கள் மேல்தான் கோபம்.

குறுக்கு வழிகளையும் சொல்லியாக வேண்டும். அடங்காத குதிரைக்கு முள் வைத்த கடிவாளம் போடுகிறார்கள். சுமை இழுக்கும் விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளே முள்ளும் புடைப்பும் உள்ள கடிவாளத்தைத் தடை செய்திருக்கின்றன. வலி வேறு, அமைதி வேறு. வாய் கிழிந்த குதிரை அடுத்த சந்தையில் கயிற்றைக் கண்டாலே மிரளும். மயக்க ஊசி அதைவிட மோசம். அசிப்ரோமசின் போன்ற மருந்து குதிரையைச் சாதுவாகக் காட்டும், ஆனால் பயத்தை எடுக்காது, ரத்த அழுத்தத்தைக் குறைக்கும். ஆண் குதிரைகளுக்கு உறுப்பு வெளியே தொங்கி உள்ளே திரும்பாமல் போகும் ஆபத்தும் உண்டு. வாங்கி வீட்டுக்குக் கூட்டிப்போன மறுநாள் அதன் நிஜ முகம் தெரியும்போது அடிபடுவது குதிரையும் அந்த வீட்டுப் பிள்ளைகளும்.

வயிறு காலியாக இருக்கக் கூடாது. மெல்லும்போதுதான் குதிரைக்கு உமிழ்நீர் சுரக்கும், அந்த உமிழ்நீர்தான் இரைப்பை அமிலத்தைத் தணிக்கும். எனவே வழியெல்லாம் உலர்புல் வாய்க்கெட்ட இருக்கட்டும். தண்ணீரை வீட்டிலிருந்தே குடத்தில் எடுத்துப் போங்கள், பல குதிரைகள் புதுத் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிடும். வண்டியில் தலையைத் தூக்கிக் கட்டாதீர்கள். தலை தாழ்ந்தால்தான் மூச்சுக்குழாயின் சளியும் தூசும் வெளியேறும்.

கூட்டம் சேருவதற்கு முன், விடியலிலேயே போய்ச் சேருங்கள். வெறும் மைதானத்தைச் சுற்றிக் காட்டுங்கள். ஒரு பொருளைக் கண்டு நின்றால் இழுக்காமல், அது பார்த்து முடிக்கும்வரை கூடவே நில்லுங்கள். கொஞ்ச நேரம் நன்றாக நின்று புல் தின்றுவிட்டால் கிளம்பிவிடுங்கள். அலுத்து மிரளும்வரை வைத்திருந்தால் அந்த மிரட்சிதான் அதன் நினைவில் தங்கும்.

சந்தை நடத்துகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒலிபெருக்கியிலிருந்து தள்ளி, மர நிழலும் தண்ணீர்த் தொட்டியும் உள்ள ஓர் ஓரத்தைக் கயிறு கட்டி, முதன்முறை வரும் குதிரைகளுக்கென்று ஒதுக்குங்கள். அங்கே விலை பேசவும் படம் எடுக்கவும் யாரையும் விடாதீர்கள்.