பெட்டியில் எழுதாத டிகிரி

போன தை மாதம் பொங்கல் கழிந்து ஊட்டிக்குப் போயிருந்தோம். தலைக்குந்தா பக்கம் என் மனைவியின் தம்பி வீடு. கூட வந்தவன் அவள் அண்ணன் பேரன். இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். இவன் ஆன்லைனில் பதினாலாயிரம் ரூபாய்க்கு ஒரு நைட் விஷன் கருவி வாங்கி வைத்திருந்தான். ஒற்றைக் கண்ணால் பார்ப்பது. பெட்டியில் கொம்பு வைத்த மான் படம், பக்கத்தில் துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரர், மேலே கொட்டை எழுத்தில் 'ஹண்டிங்'. ராத்திரி காட்டெருமை தோட்டத்துக்குள் வரும், பார்க்கலாம் என்று ஆசை.

மேச்சேரியிலேயே சார்ஜ் ஏற்றி நூறு சதவீதம் காட்டியது. ராத்திரி அதைக் காரிலேயே விட்டுவிட்டான். விடியற்காலை நாலரைக்கு எல்லோரும் கம்பளி சுற்றிக்கொண்டு வெளியே வந்தோம். புல் மேல் உப்பு கொட்டினது போல உறைபனி. மொபைலில் 2 டிகிரி. இருபது நிமிஷம் ஓடியிருக்கும். சிவப்பு விளக்கு இரண்டு தடவை கண்ணடித்தது, அணைந்துவிட்டது.

"தாத்தா, ஃபுல் சார்ஜ் போட்டேனே!" என்கிறான். முகம் தொங்கிப்போய்விட்டது. "சட்டைக்குள்ள போட்டு வைடா" என்றேன். அடுப்படியில் உட்கார்ந்து டீ குடித்து முடித்து எடுத்துப் பார்த்தால் நாற்பது சதவீதம் காட்டுகிறது. யாரும் சார்ஜ் ஏற்றவில்லை. பையனுக்கு ஆச்சரியம். எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். அந்தப் படிப்பால் எனக்கு அரசாங்க உத்தியோகத்தில் பெரிய லாபம் ஒன்றும் கிடைக்கவில்லை. எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராகக்கூட ஆகாமல் ஓய்வு பெற்று, மனைவியின் ஊரான இந்த மேச்சேரிக்கு வந்தவன். ஆனால் அந்த மொழி ஒரு விஷயத்தில் கறார். ஒரு தடவை தீர்ந்தால் தூக்கிப் போடும் செல்லுக்கு 'பீல்' என்று பெயர். திரும்பத் திரும்ப மின்சாரம் ஏற்றிக்கொள்வதற்கு 'அக்குமுலத்தேர்', செல்லமாக 'அக்கு'. இரண்டையும் மாற்றிச் சொன்னால் வாத்தியார் விரல் மூட்டில் ஸ்கேலால் தட்டுவார். பீல் என்றால் அடுக்கு. 1800-இல் வோல்டா துத்தநாகத் தகடும் செம்புத் தகடுமாக, நடுவில் உப்புத் தண்ணீரில் நனைத்த துணி வைத்து ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினார் அல்லவா, அதனால் வந்த பெயர்.

நம் தமிழ் ஜனங்களும் சளைத்தவர்கள் இல்லை. டார்ச்சில் போடுவதைக் 'கட்டை' என்றார்கள். மூணு கட்டை லைட், அஞ்சு கட்டை லைட். காரில் இருப்பதுதான் பேட்டரி. கட்டை தீர்ந்தால் வெயிலில் காய வைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவோம், அப்புறம் உடைத்து நடுவில் இருக்கும் கரிக்குச்சியை எடுத்துச் சுவரில் கிறுக்குவோம். அந்தக் கரிக்குச்சிக் கட்டையின் மூதாதையைச் செய்தவர் ஜார்ஜ் லெக்லாஞ்சே என்ற பிரெஞ்சுக்காரர், 1866-இல். வேடிக்கை என்னவென்றால், சார்ஜ் ஏற்றும் ஈய பேட்டரி அதற்கும் முந்தியது. கஸ்தோன் பிளாந்தே 1859-இலேயே செய்துவிட்டார். ஆக ரீசார்ஜ் என்பது இன்றைக்கு வந்த நாகரிகம் இல்லை.

இப்போது கட்டையும் இல்லை, அக்குவும் இல்லை. எல்லாம் 'பேட்டரி'. எல்லாவற்றுக்கும் ஒரே சொல் என்று ஆனதும் வியாபாரிக்குக் கொண்டாட்டம். பெட்டியில் ஒரு எண்ணைப் போட்டால் போதும், நாம் எண்ணைப் பார்த்து வாங்குகிறோம்.

ஊர் திரும்பியதும் பையன் கருவியைத் திறந்தான். உள்ளே 18650 என்கிற லித்தியம் செல். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், அதனால் அந்தப் பெயர். மேலே அச்சிட்டிருந்தது 9900 மில்லி ஆம்பியர் ஹவர். நண்பர்களே, இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உலகத்தில் பேர் பெற்ற கம்பெனிகள் இந்த அளவுச் செல்லில் சாதாரணமாகத் தருவது 3500-க்குப் பக்கத்தில்தான். 9900 என்று அச்சிடுவது, அரை லிட்டர் பாட்டிலில் ஒன்றரை லிட்டர் பால் என்று எழுதுகிற மாதிரி. பஸ் ஸ்டாண்டு பக்கம் எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் செய்கிற தம்பியிடம் கொடுத்து அளக்கச் சொன்னோம். அவர் கடையில் நல்ல உஷ்ணம், முப்பது டிகிரிக்கு மேலேயே இருக்கும். அங்கேயே அது கொடுத்தது 1100 சொச்சம்.

குளிர் என்ன செய்கிறது என்பதை எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். மார்கழியில் நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள், இறங்காது. எண்ணெய் எங்கும் போய்விடவில்லை, உள்ளேதான் இருக்கிறது. பேட்டரிக்குள் இருக்கும் திரவம் அப்படி உறைந்துவிடாது, ஆனால் தடிக்கும். அதில் நீந்தி ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போகவேண்டிய அயனிகள் மெதுவாகும். உள்ளுக்குள் தடை கூடும். கருவி கேட்கும் மின்சாரத்தைக் கொடுக்கும்போது வோல்டேஜ் சரியும். சரிந்த வோல்டேஜைப் பார்த்த கருவி, சரக்கு தீர்ந்துவிட்டது என்று நினைத்து அணைந்துவிடும். கருவூலத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். பட்ஜெட்டில் பணம் ஒதுக்கியாகிவிட்டது, பில் மட்டும் பாஸாகவில்லை. சூடு பட்டதும் பில் பாஸாகிறது. அதுதான் அந்த நாற்பது சதவீதம்.

நல்ல செல் 0 டிகிரியில் கொஞ்சம்தான் சுணங்கும். மட்டமான செல்லுக்கு உள்தடை ஏற்கெனவே அதிகம். அதோடு நைட் விஷனில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கு வேறு மின்சாரத்தை இழுக்கிறது. மேச்சேரியில் ஒப்பேற்றிய செல் தலைக்குந்தாவில் மாட்டிக்கொண்டது. குளிர் என்பது ஆடிட் பார்ட்டி மாதிரி. புதிதாகத் தப்பு எதுவும் செய்யாது, இருக்கிற தப்பை வெளியே எடுத்துப் போடும்.

இனி சண்டைக்கு வருகிறேன். 9900 போட்டவன் அப்பட்டமான திருடன், அவனை விடுங்கள். யோக்கியமான கம்பெனிக்காரர்கள் மேல்தான் என் புகார். அவர்கள் போடும் எண் உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அது 20, 25 டிகிரியில் அறைக்குள் அளந்தது. சிறிய லித்தியம் பேட்டரிகளின் செயல்திறனுக்கு 61960 என்று ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது. அதில் மைனஸ் 20 டிகிரியிலும் ஒரு சோதனை உண்டு. அங்கே தேற எவ்வளவு கொடுக்க வேண்டும் தெரியுமா? பெட்டியில் போட்ட அளவில் 30 சதவீதம். நூற்றுக்கு முப்பது வாங்கினால் பாஸ்! நம் பள்ளிக்கூடத்தில்கூட முப்பத்தைந்து வேண்டும். நல்ல செல்கள் இதைவிட அதிகமாகவே கொடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு கொடுக்கும் என்பதை அளந்து வைத்திருக்கிறவர்கள் அதைப் பெட்டியின் மேல் ஏன் போடுவதில்லை? 'பத்து மணி நேரம் ஓடும்' என்று போட இடம் இருக்கிறது. 'எந்தக் குளிரில்' என்று போட இடம் இல்லையா?

"நமக்கு எதுக்குங்க மாமா குளிர்? மேச்சேரில வேர்க்காத நாள் உண்டா?" என்று என் மாப்பிள்ளை கேட்கிறார். நியாயமான கேள்விதான். இங்கே பேட்டரிக்கு எமன் வெயில்தான். முழு சார்ஜோடு சித்திரை வெயிலில் கார் டேஷ்போர்டில் கிடக்கும் செல் சீக்கிரம் கிழடாகும். இன்வெர்ட்டரின் ஈய பேட்டரிக்குச் சுமார் பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுசு பாதி. அந்தக் கதை தனியாக எழுத வேண்டியது.

ஆனால் குளிர் நமக்கு வேண்டாத விஷயம் என்று சொல்லாதீர்கள். சேலம் ஜில்லாவிலிருந்து எத்தனை பிள்ளைகள் பட்டாளத்தில் இருக்கிறார்கள்? 2016 பிப்ரவரி 3-ஆம் தேதி சியாச்சினில் பத்தொன்பதாயிரம் அடிக்கு மேல் சோனம் முகாமில் பனிச்சரிவில் புதைந்த பத்துப் பேரும் மதராஸ் ரெஜிமென்டின் 19-வது பட்டாலியன். அதில் நம் தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு. ஆறாம் நாள் உயிரோடு தோண்டி எடுத்த ஹனுமந்தப்பாவும் 11-ஆம் தேதி போய்விட்டார். அப்பேர்ப்பட்ட இடங்களில் நம் பிள்ளைகள் நிற்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு ராணுவத் தம்பி, லடாக்கில் இருந்தவர், லீவில் வந்தபோது சொன்னார்: "செல்லை உள் பனியன்ல போட்டுக்கிட்டுத்தான் தூங்குவோம் ஐயா. குழந்தை மாதிரி." எந்தப் பெட்டியிலும் எழுதாத இந்தப் பாடத்தை அவர்கள் பட்டுத் தெரிந்துகொள்கிறார்கள்.

அடுத்து அந்த 'ஹண்டிங்'. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்து அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. ஒன்பதாவது பிரிவு வேட்டையைத் தடுக்கிறது. நம் கரட்டில் ஓடுகிற காட்டு முயலும் அதில் அடக்கம். நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு ராத்திரி முயலுக்குப் போவதை வீரம் போலப் பேசும் ஆட்கள் இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பேட்டரி குளிரில் படுத்தால் எனக்குத் துளி வருத்தம் இல்லை. குளிர் நாட்டில் லைசென்ஸ் வாங்கி வேட்டையாடுகிறவனுக்குச் செய்த கருவியை, அவனுடைய படத்தோடு இங்கே கொண்டுவந்து விற்கிறார்கள். ஆனால் அவனுக்குச் சொல்லும் எச்சரிக்கையை மட்டும் நமக்குச் சொல்வதில்லை.

இந்த ஊரில் ராத்திரிக் கண்ணும் வெளிச்சமும் நிஜமாகவே யாருக்கு வேண்டும்? முதுமலையிலும் நீலகிரிக் காடுகளிலும் நடக்கிற வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கு. பெரும்பாலும் பழங்குடி மக்கள், சொற்பத் தொகுப்பூதியம். மார்கழி, தை மாத விடியற்காலையில் தேயிலைத் தோட்டத்துக்கு நடக்கிற பெண்களுக்கு. எதிரே கரடி நிற்கிறதா, காட்டெருமை நிற்கிறதா என்று தெரியவேண்டிய அந்த ஒரு நிமிஷத்தில் டார்ச் அணைந்தால், பதினாலாயிரம் போச்சே என்று முகம் தொங்குகிற விவகாரமா அது?

மாப்பிள்ளை இன்னொன்றும் சொன்னார். ரீசார்ஜ் செல்தான் சுற்றுச்சூழலுக்கு நல்லதாம். ஒப்புக்கொள்கிறேன். என் ரேடியோவுக்கே நான் சார்ஜ் ஏற்றும் பென்டார்ச் செல்தான் போடுகிறேன், ஆறு வருஷமாக அதே நான்கு. நான் எதிர்ப்பது சார்ஜ் ஏற்றுவதை இல்லை. கழற்ற முடியாதபடி உள்ளே வைத்து ஒட்டிவிடுகிறார்களே, அதைத்தான் எதிர்க்கிறேன். செல் செத்தால் கருவியே குப்பை. 2022-இல் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் என்று போட்டு, தயாரித்தவனே திரும்ப எடுக்க வேண்டும் என்றார்கள். ஒட்டி வைத்ததை முதலில் யார் பிரிப்பது? கழற்றி மாட்டும்படி இருந்தால் ஒரு செல் வேலை செய்யும்போது இன்னொன்று சட்டைப் பையில் கதகதப்பாக இருக்கும். உயிர் போகும் இடத்துக்குப் போகிறவர் சார்ஜ் ஏற்றாத லித்தியம் கட்டையே போட்டுக்கொள்ளலாம். பென்டார்ச் அளவில் 1.5 வோல்ட்டில் கிடைக்கிறது, மைனஸ் 40 வரை தாங்கும். விலை அதிகம், ஒரு தடவைதான். பீல்! அதற்கு இன்னும் வேலை இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. உறைபனியில் கிடந்த லித்தியம் பேட்டரியைக் கொண்டுவந்த கையோடு சார்ஜரில் சொருகாதீர்கள். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் போகவேண்டிய இடத்துக்குள் போகாமல் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். படிந்ததில் ஒரு பகுதி திரும்பி வராது. அளவு நிரந்தரமாகக் குறையும், உள்ளுக்குள் ஷார்ட் ஆகவும் வழி உண்டு. குளிரில் ஓடாத பேட்டரி சூட்டில் பிழைக்கும், குளிரில் சார்ஜ் போட்ட பேட்டரி பிழைக்காது. ஊட்டிக்குப் போகிற கும்பலில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பையனின் கருவியோடு வந்த எட்டுப் பக்கக் கையேட்டில் இது இல்லை. சீனம் இருந்தது, ஆங்கிலம் இருந்தது, பிரெஞ்சுகூட இருந்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம் பிரெஞ்சு படிக்கிறோமே என்று நான் முழுக்கப் படித்தேன். தமிழோ இந்தியோ ஒரு வரி கிடையாது. அந்தப் பிரெஞ்சில் 'பீல்' என்றும் 'அக்கு' என்றும் மாற்றி மாற்றிப் போட்டிருந்தார்கள். என் வாத்தியார் இருந்திருந்தால் விரல் மூட்டு வீங்கியிருக்கும்.

விற்ற கடைக்குப் பையன் பேரில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். எழுத்தர் கை அல்லவா, பொருள், பார்வை எல்லாம் போட்டு முறையாக. இரண்டு கேள்விதான்: 9900 என்பதை யார், எத்தனை டிகிரியில் அளந்தார்கள்? 0 டிகிரியில் எத்தனை மணி நேரம் ஓடும்? இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. ஒரு சிரித்த முகப் பொம்மை, 'உங்கள் கருத்துக்கு நன்றி', கூடவே அடுத்த மாடலுக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி. நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போக மனு தயார் செய்துகொண்டிருக்கிறேன். ரிப்பேர் கடைத் தம்பி அந்த 1100-ஐ அளந்தபோது எடுத்த போட்டோவைப் பிரதி எடுத்து இணைத்தாகிவிட்டது. பையன் கையெழுத்துதான் பாக்கி. அவனுக்கு செமஸ்டர் பரீட்சையாம்.