உதவாக்கரைக்காக ஒரு வாதம்

போன வாரம் ஒரு போன் வந்தது. கடற்கரைப் பக்கம் புதிதாகத் திறக்கப்போகும் ஓர் ஓட்டலிலிருந்து ஒரு இளைஞர் பேசினார். "சார், உங்ககிட்ட பழைய பிரெஞ்சுப் படகு ஒண்ணு இருக்காமே? எங்க ரெஸ்டாரண்ட் வாசல்ல வெச்சு, உள்ள ஐஸ் கொட்டி, மீனு எறாவெல்லாம் அடுக்கலாம்னு இருக்கோம். நல்ல விலை தர்றோம்" என்றார். விலையையும் சொன்னார். என்னுடைய நான்கு மாதப் பென்ஷன்.

"தம்பி, அது ஓடுற படகு" என்றேன்.

"பரவாயில்ல சார், அடியில நாங்களே ஓட்டை போட்டுக்கிறோம். ஐஸ் தண்ணி வடியணும்ல?" என்றார்.

போனை வைத்துவிட்டேன். கோபம் அடங்க இரண்டு நாள் ஆயிற்று. அடங்கியபின் யோசித்தால், அந்தப் பையன்மேல் குற்றமில்லை. பழைய படகு என்றால் ஒன்று விறகு, இல்லாவிட்டால் அலங்காரம் என்று நம் தலைமுறைதான் ஊருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. அதில் என் கையெழுத்தும் உண்டு. அதைச் சொல்லிவிட்டுத்தான் வாதத்தைத் தொடங்க வேண்டும்.

1983 என்று நினைவு. நான் ஓர் அலுவலகத்தில் ஸ்டோர்ஸ் பிரிவில் யு.டி.சி. எங்கள் சொத்துப் பதிவேட்டில் பாயும் துடுப்பும் கொண்ட ஒரு சிறிய மரப்படகு இருந்தது. அதில் நீர் கசிந்தது. படகு ஆசாரி ஒருவரை அழைத்துக் காட்டினோம். அவர் சுற்றிவந்து தட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பலகை மாத்தணும், கலப்பத்து பார்க்கணும். அறுநூறு ரூபா ஆகும். அதுக்கப்புறம் இருபது வருஷம் ஓடும் சார்" என்றார். கலப்பத்து தெரியாதவர்களுக்கு: பலகைகளின் இடுக்கில் பஞ்சும் குங்கிலியக் கலவையும் வைத்து அடைக்கும் வேலை.

பழுதுபார்ப்புத் தலைப்பில் அறுநூறு ரூபாய் இல்லை. புதிது வாங்கும் தலைப்பில் பல ஆயிரம் இருந்தது. மார்ச் 31-க்குள் செலவழிக்காவிட்டால் அது திரும்பிப் போய்விடும். அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை. மேலதிகாரி சொன்னபடி நான் குறிப்பு எழுதினேன். ஆங்கிலத்தில் ஒரே வரி. தமிழில் சொன்னால், "இனிப் பயன்பாட்டுக்கு உகந்ததல்ல, பழுது நீக்குவது சிக்கனமாகாது." எங்கள் ஆபீஸ் பாஷையில் இதற்கு 'கண்டம் பண்ணுவது' என்று பெயர். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் பழக்கிய அழகான கையெழுத்து எனக்கு. அந்த வரியும் அழகாகத்தான் இருந்தது. ஏலத்தில் விறகுக்கடைக்காரர் ஒருவர் நூற்றிருபது ரூபாய்க்கு எடுத்தார். கோடாலி விழுந்தபோது உள்ளே மரம் மஞ்சளாக, வைரம் பாய்ந்து, வாசனையோடு இருந்தது. நான் பக்கத்தில் நின்று ரசீது எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆகவே 'பழுது நீக்குவது சிக்கனமாகாது' என்ற வாக்கியம் எப்படிப் பிறக்கிறது என்று எனக்குத் தெரியும். நூற்றுக்குத் தொண்ணூறு தடவை அதன் பொருள், 'பழுது நீக்க யாருக்கும் மனமில்லை' என்பதுதான். அந்த வாக்கியத்தை எதிர்த்துத்தான் இந்தக் கட்டுரை.

இப்போது என் படகுக்கு வருகிறேன். அது ஒரு 'வோரியன்'. 1951-இல் ழான் ழாக் எர்புலோ என்பவர் வரைந்த வடிவம். பிரெத்தாஞ் கடலோரம் க்ளெனான் தீவுகளில், போர்க்காலத்து எதிர்ப்பு இயக்கத்தில் இருந்த வியனே தம்பதியர் 1947-இல் தொடங்கிய பாய்ப்படகுப் பள்ளிக்காகப் பிறந்தது. ப்ளைவுட் தகடுகளை வெட்டி, மடித்து, ஒட்டிச் செய்வது. நீளம் 4 மீட்டரும் 8 சென்டிமீட்டரும். இரண்டு பேர் உட்காரலாம். அந்தக் காலத்தில் இரண்டு சைக்கிள் விலைக்கு ஒரு படகு என்று பெயர் வாங்கியது. பணக்காரர் விளையாட்டாக இருந்ததை அங்கே பள்ளிப் பிள்ளைகளிடம் கொண்டுவந்து சேர்த்தது இதுதான். முப்பதாயிரத்துக்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். பெயரின் பொருள் என்ன தெரியுமா? 'ஒன்றுக்கும் உதவாதவன்.' நம் பாஷையில் உதவாக்கரை.

எங்கள் கணக்கு முசே ஒருவர் பிரான்சிலிருந்து வரும்போது ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். 1965, 66-இல் அரியாங்குப்பத்து ஆற்றில் எங்களில் நாலைந்து பேருக்கு அதில் பாய் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். ஊர் திரும்பியபோது படகைத் தெரிந்த குடும்பம் ஒன்றில் விட்டுவிட்டுப் போனார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அது ஒரு வீட்டின் பின்கட்டில் கிடந்தது. 2009-இல், நான் ஓய்வு பெற்ற மறு வருஷம், அந்த வீட்டை விற்றார்கள். "எடுத்துட்டுப் போறதுன்னா போங்க, இல்லன்னா குப்பை வண்டிக்குத்தான்" என்றார்கள். எடுத்துவந்தேன். என் மனைவி வாசலில் நின்று படகையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். மூன்று நாள் பேசவில்லை.

குருசுக்குப்பத்துப் பெரியவர் ஒருவர், என்னைவிட எட்டு வயது மூத்தவர், வந்து பார்த்தார். ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் அங்குலம் அங்குலமாகத் தட்டினார். நல்ல மரம் 'டொக்' என்றது. மக்கிய இடம் 'பொத்' என்றது. பின்பலகையின் அடியிலும், இரண்டு பக்க மடிப்பு மூலைகளிலும் பொத். மற்றதெல்லாம் டொக். "கடல் தண்ணி இதைக் கெடுக்கல சார், மழைத் தண்ணி கெடுத்திருக்கு" என்றார். எனக்கு ஆச்சரியம். உப்புத் தண்ணீர் மரத்தை மக்க வைக்கும் பூஞ்சைக்கு ஆகாது. தேங்கி நிற்கும் நல்ல தண்ணீர்தான் எமன்.

பதினான்கு மாதம் பிடித்தது. மக்கியதை நல்ல மரம் தெரியும்வரை வெட்டி எடுத்தோம். தகட்டின் கனத்தைப்போல் எட்டு மடங்கு நீளத்துக்குச் சரிவாகச் செதுக்கி, புது மரைன் ப்ளைவுட்டை அதே சரிவில் செதுக்கி எப்பாக்ஸி போட்டு ஒட்டினோம். துருப்பிடித்த ஆணிகளை எடுத்துவிட்டுப் பித்தளைத் திருகாணி வைத்தோம். நடுப்பலகை இறங்கும் பெட்டியின் அடி கசிந்தது. சிறு படகுகளில் முதலில் கசிவது அந்த இடம்தான். அதன் வாயில் சைக்கிள் ட்யூபை வெட்டி வைத்தோம். பாயின் துணி தாங்கியது, தையல்தான் இற்றுப்போயிருந்தது. தார்ப்பாய் தைப்பவர் ஒருவர் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார். மொத்தச் செலவு பதினெட்டாயிரம் ரூபாய். பெரியவர் கூலி வாங்க மறுத்ததால் அவர் பேரனுக்குப் பள்ளிச் சீருடையும் புத்தகமும் வாங்கிக் கொடுத்தேன்.

2011 டிசம்பர் 30, தானே புயல். வேப்பங்கிளை விழுந்து மேல்தளம் பிளந்தது. மறுபடி மூன்று மாதம். இந்தத் தடவை வெட்டியதும் ஒட்டியதும் நான். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து திட்டினார்.

இனி எனக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, செலவு. பாரிஸில் இருக்கும் என் மகன் ஒவ்வொரு வருஷமும் கணக்குப் போடுகிறான். "ப்பா, இதுக்குச் செலவு பண்ணின காசுக்கும் நேரத்துக்கும் புதுசாவே வாங்கியிருக்கலாம்." அவன் என் மணி நேரத்துக்கு விலை போடுகிறான். ஓய்வுபெற்றவனின் சாயங்காலத்துக்கு என்ன ரேட்? டி.வி. முன்னால் கழித்தால் அது வரவா? கண்டக் குறிப்பு எழுதும்போது நாங்கள் செய்த தவறும் இதுதான். பலகை விலையை எழுதினோம். பலகை மாற்றத் தெரிந்தவரின் கை எங்கள் பதிவேட்டில் எந்தக் கட்டத்திலும் வரவில்லை. அறுநூறு ரூபாய் வேலை போனால் ஆசாரியின் மகன் வேறு வேலைக்குப் போவான். அடுத்த படகு கசியும்போது உண்மையாகவே பழுது நீக்க ஆளிருக்காது. பொய்யாக எழுதிய குறிப்பு இருபது வருஷத்தில் நிஜமாகிவிடும்.

இரண்டாவது, "காலம் மாறிவிட்டது, ஃபைபர் படகு இருக்கும்போது மரம் எதற்கு?" மீன்பிடிப்பவரைப் பாயும் மரப்படகுமாகத் திரும்பிப் போகச் சொல்ல எனக்கு வாய் வராது. மோட்டாரும் ஃபைபரும் அவர்கள் உயிரையும் நேரத்தையும் காப்பாற்றியிருக்கின்றன. என் கேள்வி வேறு. 2004 சுனாமிக்குப் பிறகு உதவி நிறுவனங்கள் அள்ளிக்கொடுத்த ஃபைபர் படகுகளில் எத்தனை இன்று மணலில் விரிசல் விட்டுக் கிடக்கின்றன என்று நம் குப்பங்கள் பக்கம் நடந்து பாருங்கள். எரிக்கவும் முடியாது, மண்ணில் மக்கவும் மக்காது. பிரான்சில் இப்படிச் சேர்ந்துபோன உல்லாசப் படகுகளை உடைத்து அகற்ற 2019 முதல் தனி ஏற்பாடே செய்யவேண்டி வந்தது. ஃபைபரையும் ஒட்டித் தைக்கலாம், அதற்கும் கை வேண்டும். பொருள் எதுவானாலும் நோய் ஒன்றுதான்.

நம் முன்னோரின் படகுகளை நினைத்துப் பாருங்கள். கட்டுமரத்தைக் கரைக்குக் கொண்டுவந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப்போடுவார்கள். மறுநாள் சேர்த்துக் கட்டுவார்கள். ஒரு மரம் போனால் அதை மட்டும் மாற்றுவார்கள். பழைய பாலம் வருவதற்கு முன் கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் இறக்கிய சலங்கு, பிரெஞ்சுக்காரர்கள் 'ஷெலேங்க்' என்று எழுதியது, ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த படகு. தையல் தளர்ந்தால் பிரித்துத் தைப்பார்கள். பழுதுபார்ப்பதையே கட்டும் முறையாக வைத்திருந்த ஊர் இது. அங்கே உட்கார்ந்துகொண்டு நான் 'சிக்கனமாகாது' என்று எழுதினேன்.

மூன்றாவது வாதம் நல்லவர்களிடமிருந்து வருகிறது. "அருமையான பழம்பொருள், ஏதாவது காட்சிக்கூடத்துக்குக் கொடுத்துவிடுங்களேன்." மரியாதையோடு மறுக்கிறேன். வெயிலில் வைத்த படகு காய்ந்து பிளக்கும், கூடத்தில் வைத்த படகை யாரும் தட்டிப் பார்க்க மாட்டார்கள். ஒவ்வொரு ஞாயிறும் தண்ணீரில் இறங்கும் படகில்தான் கசிவு அன்றைக்கே தெரியும், அந்த வாரமே அடைபடும். ஓட்டுவதுதான் பராமரிப்பு.

இதற்கு ஓர் உதாரணம் உண்டு. எரிக் தபர்லி என்ற பிரெஞ்சுக் கடலோடியின் 'பென் துய்க்', 1898-இல் கட்டியது. 15 மீட்டர் நீளம், என் உதவாக்கரைக்குப் பெரியண்ணன். 1938-இல் அவர் அப்பா வாங்கினார். போருக்குப்பின் பார்த்தால் மரம் மக்கிப்போயிருந்தது. எந்தக் குமாஸ்தாவும் கண்டம் எழுதியிருப்பான். கடற்படையில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த அந்த இளைஞர், 1958-இல் மக்கிய உடலையே அச்சாக வைத்து, அதன்மேல் பாலியெஸ்டர் பூசிப் புது உடல் எடுத்தார். ஃபைபரைக் கொண்டே பழைய படகைப் பிழைக்க வைத்த மனிதர். அதை நூறாவது வயதுவரை ஓட்டினார். 1998-இல் அதே படகிலிருந்து கடலில் விழுந்துதான் இறந்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். படகு இன்றும் ஓடுகிறது.

எனக்கு அவ்வளவு வீரமில்லை. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, ஆற்றின் வாய் தாண்டாமல், பிற்பகல் மூன்று மணிக்குக் கடற்காற்று எழும்பும்போது இறங்குகிறேன். பாய் இரண்டு தடவை படபடத்துவிட்டு நிறையும். இன்ஜின் சத்தம் இல்லாததால் முன்மூக்கின் கீழ் தண்ணீர் பேசுவது கேட்கும். ஒட்டுப்போட்ட ஒவ்வோர் இடமும் எனக்குத் தெரியும். அதனால் அந்தப் படகில் எனக்குப் பயமில்லை. முடிந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, கட்டைமேல் கவிழ்த்து, அடியில் காற்றுப் போக இடம்விட்டு வைப்பது இன்னொரு மணி நேரம். அதுவும் சந்தோஷம்தான். மூன்று நாள் பேசாமலிருந்த என் மனைவிதான் பாயை மடிக்கும்போது மறுமுனையைப் பிடிக்கிறாள். நான் மடிப்பது சரியில்லையாம்.

பெரியவர் 2019-இல் போய்விட்டார். எனக்கும் முழங்கால் படகின் விளிம்பைத் தாண்ட மறுக்கிறது. இன்னும் இரண்டு வருஷமோ மூன்றோ. ஓட்டல்காரரின் போன் அதனால்தான் அப்படிக் குத்தியது. அது சரியான நேரத்தில் வந்த தவறான போன். நான் முடிவெடுத்துவிட்டேன். படகு பெரியவரின் பேரனுக்கு. சீருடை வாங்கிக்கொடுத்தேனே, அந்தப் பையன்தான், இப்போது ஏ.சி. மெக்கானிக். விலை கிடையாது, நிபந்தனை ஒன்று உண்டு. மாதம் ஒரு தடவையாவது தண்ணீரில் இறக்க வேண்டும். பத்திர எழுத்தர் இதையெல்லாம் எழுத முடியாது என்றார். நானே வெள்ளைத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன், 1983-இல் எழுதிய அதே கையெழுத்தில்.

வருகிற ஞாயிறு காலை ஆறரைக்குப் பின்பலகையில் பெயிண்ட் சுரண்டப் போகிறோம். காலாப்பட்டிலிருந்து பாகூர் வரை இதைப் படிப்பவர்கள் யாரும் வரலாம். உப்புத்தாள் என்னிடம் இருக்கிறது. பழைய சட்டை மட்டும் போட்டுக்கொண்டு வாருங்கள்.