தலைக்கு மேலே ஒரு விஷயம்

சித்திரையிலும் வைகாசியிலும் நாம் எல்லோரும் வருண பகவானை நோக்கி ஒருமனதாகப் பிரார்த்தனை செய்கிறோம். ஐப்பசியில் அவர் மனமிரங்கி வந்துவிட்டாலோ, முதல் நாள் மாலை பஜ்ஜியும் காப்பியுமாக வரவேற்று, மூன்றாம் நாள் காலையில் கூடத்து நடுவில் அண்டாவை வைத்துக்கொண்டு, "இந்தப் பாழும் மழை எப்போது விடும்?" என்று சலித்துக்கொள்கிறோம். மழையின் பேரில் குற்றம் சொல்லிப் பயனில்லை. அது தன் கடமையைத்தான் செய்கிறது. கூரை ஏன் தன் கடமையைச் செய்யத் தவறியது என்பதையே இந்த வாரம் விசாரிக்க எண்ணுகிறோம்.

முதலில் ஒரு சிறு கணக்கு. 1000 சதுர அடி மொட்டை மாடியின் மேல் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 930 லிட்டர் தண்ணீர் விழுகிறது. வடகிழக்குப் பருவ காலத்தில் கரையோர ஊர்களில் ஒரே இரவில் 10 சென்டிமீட்டர் பெய்வது அதிசயம் அன்று. அப்படிப்பட்ட இரவில் அந்த மாடியில் விழும் தண்ணீரின் எடை 9 டன்னுக்கு மேல். வடிகுழாயின் வாயை ஒரு கைப்பிடி வேப்பஞ்சருகு அடைத்துக்கொண்டால் போதும்; நாற்புறமும் கைப்பிடிச் சுவர் இருக்கவே, மாடி குளமாகிவிடும். அந்தக் குளத்தின் அடியிலேதான் குழந்தைகளுக்குப் பாய் விரித்திருக்கிறோம்.

இதிலிருந்து விளங்கும் உண்மை ஒன்றுதான். பெய்யும் மழையால் கூரை கெடுவதைக் காட்டிலும், நிற்கும் மழையால் கெடுவதே அதிகம். ஆகையால் கூரையைக் காப்பது என்றால், தண்ணீர் தங்காமல் போக வழி செய்வது என்று பொருள். மற்றப் பூச்சுக்களும் மருந்துகளும் அதற்கு அப்புறந்தான்.

நம் முன்னோர் கட்டிய மச்சு வீடுகளைப் பாருங்கள். தேக்குக் கட்டைகளை வரிசையாக வைத்து, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் குத்தாக நிறுத்தி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துத் தளம் போட்டு, தட்டோடு பதித்தார்கள். 'மெட்ராஸ் டெரஸ்' என்று என்ஜினீயர்கள் பெயரிட்டது இந்த முறையைத்தான். நூறு ஆண்டைக் கடந்தும் நிற்கும் இத்தகைய மச்சுக்கள் பல உண்டு. இவற்றுக்கு ஆபத்து, கட்டையின் நுனி சுவருக்குள் புதையும் இடத்தில். அங்கே ஓதம் ஏறினால் மரம் இற்றுப்போகும். கரையானும் வந்து சேரும். வெளியே பார்த்தால் கட்டை வைரம் போலத்தான் தோன்றும். ஆண்டுக்கு ஒரு முறையாவது அந்த நுனிகளைத் தட்டிப் பார்ப்பது நலம். பொத்தென்று ஓசை கேட்டால் அசட்டையாக இருக்கலாகாது. சுண்ணாம்புத் தளத்தின் விரிசலில் சிமெண்டை அப்புவதும் தவறான சிக்கனம். சுண்ணாம்பு சற்று நெகிழ்ந்து கொடுக்கும். ஈரத்தையும் மெல்ல வெளியே விடும். சிமெண்டுக்கு அந்தக் குணம் குறைவு. அது வேறாகப் பிளந்து, உள்ளே புகுந்த ஈரத்தை அங்கேயே சிறைப்படுத்திவிடும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பே மருந்து.

சீமை ஓட்டு வீடுகளின் சங்கதி வேறு. மங்களூரில் 1865-ஆம் ஆண்டு பாசல் மிஷன் தொழிற்சாலை தொடங்கிய பின் தென்னாடெங்கும் பரவிய இந்த ஓடுகள், ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு, சரிவினாலேயே தண்ணீரைத் தள்ளிவிடுகின்றன. ஓடு உடைந்தால் மாற்றிவிடலாம். முகட்டு ஓட்டின் கீழுள்ள காரை உதிர்ந்திருக்கிறதா, ஓடுகளின் பள்ளத்தில் சருகும் பாசியும் அடைந்திருக்கின்றனவா, ரீப்பர்க் கட்டை வளைந்திருக்கிறதா என்ற மூன்றையுமே முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் தகடு போட்ட கூரையில் ஏறி மிதிக்கவே வேண்டாம்; அது சட்டென்று உடைந்து ஆளைக் கீழே தள்ளும். அதைத் துளைப்பதும் அறுப்பதும் கூடாது. அந்தத் தூசு நுரையீரலுக்குக் கொடிய விஷம்.

இக்காலத்தில் நம்மில் பெரும்பாலோர் வசிப்பது காங்கிரீட் தளத்தின் கீழே. காங்கிரீட் என்றால் கல் என்று நினைத்து நிம்மதியாக இருந்துவிடுகிறோம். அந்தக் கல்லுக்குள் இரும்புக் கம்பி இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். வீட்டுத் தளத்தின் அடிப்புறத்தில் கம்பியை மூடியிருக்கும் காங்கிரீட்டின் கனம் பொதுவாக முக்கால் அங்குலந்தான். ஈரம் அதைக் கடந்து கம்பியை அடைந்தால் துரு பிடிக்கிறது. துருவோ, தான் தின்ற இரும்பைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தைக் கேட்கும். இடம் கிடைக்காதபோது காங்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளிவரும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று இந்தக் காரியத்தைத் துரிதப்படுத்துகிறது. நேர்கோடாக ஓடும் விரிசல், பழுப்பு நிறக் கறை, தட்டினால் டொப்பென்ற ஓசை — இம்மூன்றும் தளம் நமக்கு அனுப்பும் எச்சரிக்கைக் கடிதங்கள்.

அந்தக் கடிதத்தைப் படிக்காமல் அதன் மேல் வெள்ளை பூசுவதே நம் வீடுகளில் வழக்கமாக இருக்கிறது. தீபாவளிக்கு முன் கறை படிந்த இடத்தைச் சுரண்டி, மாவு தடவி, வர்ணம் அடித்துவிட்டால் வீடு புதுப் பெண் போல் விளங்குகிறது. தளத்துக்குள்ளேயோ துரு தன் வேலையை நிறுத்தவில்லை. சில வருஷங்கள் கழித்து ஒரு நாள் காங்கிரீட் பாளம் பாளமாகப் பெயர்ந்து கட்டிலின் மேல் விழுகிறது. மேலிருந்து வந்த நோய்க்குக் கீழிருந்து வைத்தியம் செய்வதன் பலன் இது.

சரி, நோயைக் கண்டுபிடிப்பது எவ்வாறு? சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. தண்ணீர் விரிசலோடு பல அடி தூரம் நடந்து சென்று, தனக்குச் சௌகரியமான இடத்தில் இறங்கும். மழையில்லாத நாளிலும் சொட்டினால் கூரையின் பேரில் பழி போட வேண்டாம். மேல் தொட்டியையும் ஸ்நான அறைக் குழாயையும் சோதிக்க வேண்டும். மழை நாளில் மட்டும் சொட்டினால், வெயில் அடிக்கும் ஒரு நாளில் வடிகுழாய் வாயை அடைத்து, பகுதி பகுதியாக இரண்டு அங்குலத் தண்ணீர் கட்டி ஒரு நாள் முழுதும் வைத்துப் பார்க்கலாம். எந்தப் பகுதியில் கட்டும்போது கீழே ஓதம் தோன்றுகிறதோ, அங்கே குற்றம். ஆனால் மரக்கட்டை மச்சிலும், ஏற்கெனவே பெயர்ந்து விழும் தளத்திலும் இந்தச் சோதனை கூடவே கூடாது. அவற்றை அனுபவமுள்ள என்ஜினீயர் ஒருவர் பார்ப்பதே முறை.

பெரும்பாலான வீடுகளில் குற்றம் மூன்று இடங்களில் அகப்படும். வடிகுழாயின் வாய் ஒன்று. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை மற்றொன்று. குழாய்கள் தளத்தைத் துளைத்துச் செல்லும் இடம் மூன்றாவது. குழாய் வாயைச் சுத்தம் செய்து வலை போடுவதற்குச் செலவு அதிகமில்லை. மூலையைச் சாய்வாக உருட்டிப் பூசிவிட்டால் தண்ணீர் அங்கே தங்காது. சுவரிடுக்கில் பறவைகள் விதைத்துச் செல்லும் அரசங்கன்றை நுனியில் கிள்ளுவதோடு நில்லாமல் வேரோடு எடுத்து, இடுக்கை அடைத்துவிட வேண்டும். தளத்தில் வாட்டம் சரியாக இருக்கிறதா என்பதை மழை நின்ற அரை மணிக்குப் பின் மாடிக்குச் சென்றால் எந்த நிபுணரும் இல்லாமலே அறியலாம். எங்கே தண்ணீர் தேங்கி நிற்கிறதோ, அங்கே கரித்துண்டால் வட்டம் போட்டுவைத்தால், பின்னர் வரும் கொத்தனாருக்கு அதைவிடத் தெளிவான வரைபடம் வேண்டியதில்லை.

பழைய தளத்தை எடுக்காமல் அதன் மேலேயே மற்றொரு தளம் போடச் சொல்பவர்களின் யோசனையைக் கேட்கலாகாது. 1000 சதுர அடிக்கு மூன்று அங்குலக் கனத்தில் ஜல்லித் தளம் போட்டால் பாரம் 10 டன்னுக்கு மேல் ஏறும். ஒழுக்கை நிறுத்துவதாகச் சொல்லிக் கட்டடத்தின் முதுகில் புதிய மூட்டையை ஏற்றுவது வைத்தியமாகாது. வெயிற் காலம் கழிந்து ஐப்பசி பிறப்பதற்குள் இந்த மராமத்துக்களை முடித்துவிட வேண்டும். மழை வந்த பிறகு ஈரத் தளத்தின் மேல் எந்தப் பூச்சும் ஒட்டாது. அப்போது அகப்படும் கொத்தனாரும் தாம் சொன்னதே கூலி என்பார்.

கடைசியாக ஒரு வார்த்தை, அடுக்குமாடி வீடுகளில் வசிக்கும் நேயர்களுக்கு. மேல் மாடிக்காரர் வீட்டில் ஒழுகினால் கீழ் மாடிக்காரர்கள், "எங்களுக்கு ஒழுகவில்லையே!" என்று சந்தாப் பணம் தர மறுக்கிறார்கள். தளத்தில் ஏறும் ஈரம் தூணிலும் உத்திரத்திலும் இறங்கும்போது, யார் எந்த மாடியில் குடியிருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டிருப்பதில்லை. மேலே உள்ள குடும்பத்துக்குக் கூரையாக இருப்பது கீழே உள்ளவர்களுக்கும் கூரையே. அதை எல்லோரும் சேர்ந்து காப்பதே நியாயம், சிக்கனமும் அதுவே.

தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாயிற்று. வாட்டம் சரியாக உள்ள மாடியிலிருந்து சுத்தமான குழாய் வழியாக இறங்கும் தண்ணீர் கிணற்றை நிரப்பும்; வாட்டமில்லாத மாடியிலோ அதே தண்ணீர் சுவரை அரிக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் துடைப்பமும் கையுமாக மாடிப்படி ஏறுவதுதான். அந்த ஒரு காலையை வீட்டுக்குக் கொடுக்கும்படி நேயர்களை வேண்டிக்கொள்கிறோம்.